குளிர்காலத்தில் வைத்த கல்யாணம்

கல்யாணத்தை எந்தப் பருவத்தில் வைப்பது என்று பேச வந்த சம்பந்தியம்மா, கையில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் முடிவே சொல்லிவிட்டார்.

"குளிர்காலந்தான். முகத்துல பூசினது வழியாது, பூ வாடாது, ஆக்கினது கெடாது, சொந்தக்காரங்களும் சண்டை போட மாட்டாங்க."

"சண்டைக்கும் குளிருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றான் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதையும் திருகிப் பார்க்காமல் விடமாட்டான்.

"வெயில்ல உங்க சித்தப்பாவ நீ பாத்ததில்லையா? குளிர்னா அந்த மனுஷன் வாயையும் சேத்துப் போத்திக்கிட்டுக் கிடப்பாரு."

சின்ன வீடு. எல்லோரும் சிரித்ததில் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள்கூடக் கிணுகிணுத்தன. நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெண்ணைப் பெற்றவர். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெரிய ஹாலில் இருபத்திரண்டு வருடமாக இரும்பு நாற்காலிகளைப் போட்டு, மடித்து, அடுக்குகிற வேலை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோய் வெகுகாலமாகிவிட்டது.

"வெயில் காலத்துல வெச்சுக்கலாம்," என்றார்.

கிணற்றுக்குள் கல்யாணம் வைக்கலாம் என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல அவர் மனைவி அவரைப் பார்த்தாள். அந்த ஹாலுக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் தலையில் அடுப்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று தினமும் வீட்டுக்கு வந்து புலம்புகிறவரே அவர்தான்.

"சம்பந்தி விளையாடுறாரு," என்றார் சம்பந்தியம்மா. "வெயில்ல கோட்டு மாட்டி நிக்க வெச்சா எம்பையன் மேடையிலயே உருகி ஓடிருவான். அப்புறம் துணி போட்டுத் துடைச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"அப்ப மழைக்காலம்?" என்று மாப்பிள்ளை நடுவில் நின்று பார்த்தான்.

"மழை வேண்டவே வேண்டாம். மழையில இன்னும் நல்லாத் தெரியும்," என்று நாற்காலிக்காரர் வெடுக்கென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன தெரியும்?"

"சேறு. தரையில சேறு தெரியும்."

யாரும் அதை நம்பவில்லை. பெண் மட்டும் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா குளிர்காலந்தான் என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மா கிளம்பினார்.

*

இரும்பு நாற்காலி மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வலது கால் விரலால் கீழ்க்கம்பியை அழுத்திக்கொண்டு, உள்ளங்கையை உட்காரும் தகட்டின் மேல் விரித்து வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தானாக மடிந்து மார்பில் வந்து சாயும். ஆறு சேர்ந்ததும் ஒரு அடுக்கு. நானூற்றிருபது நாற்காலிக்கு எழுபது அடுக்கு. ஆக, ஒவ்வொரு கல்யாணமும் முடிந்த பிறகு யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தை அவருடைய உள்ளங்கை ஒரு தடவை தொட்டுவிடும். இது அவர் விரும்பிச் செய்வதல்ல. வேலையே அப்படித்தான்.

குளிர்காலத்தில் அந்த ஹாலில் இரும்பு, தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும்போல இருக்கும். ஆட்கள் எழுந்து போய்க் கால் மணி நேரம் ஆனால் போதும், நாற்காலி எல்லாம் ஜில்லிட்டுவிடும். முன்வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசைக்கு வந்து சேர அவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசி வரிசை, கூட்டம் கூடிவிட்டால் இருக்கட்டும் என்று சும்மா போட்டு வைப்பது. பெரும்பாலும் ஒரு ஈ காக்கை உட்காராது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில், அந்த வரிசையில் சுவரோரமாக இருந்த நாற்காலியில் கை வைத்தவர் விருட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சூடாக இருந்தது. நெருப்புச் சூடு இல்லை. ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போனால் இருக்குமே, அந்தச் சூடு. முதுகுச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். அது ஜில்லென்று இருந்தது. உட்கார்ந்தவர் சாயவே இல்லை. கூப்பிட்டால் உடனே எழுந்து போகத் தயாராக, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஹாலுக்குள் அவரையும், விளக்கு வேலை பார்ப்பதால் எல்லோரும் ‘ஒயர்’ என்று கூப்பிடும் பையனையும் தவிர யாரும் இல்லை. கதவு பூட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"ஒயரு, இங்க வா. இதுல கை வை."

ஒயர் ஏணியை விட்டு இறங்கி வந்து கை வைத்தான். "யாராவது உக்காந்திருப்பாங்கண்ணே," என்று சிரித்தான். பிறகு போய்க் குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கை கழுவினான். அதைப் பற்றி அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

பத்து மாதம் கழித்து அதே குடும்பம் அதே ஹாலுக்கு வந்தது, நினைவுக் கூட்டம் நடத்த. மேடையில் வைத்திருந்த படத்தில் அந்த மணப்பெண் கல்யாணத்தன்று உடுத்தியிருந்த உடையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு படம் எடுக்க அவளுக்கு அவகாசமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்துக்கு நாற்காலி போட்டவரும் அவர்தான்.

எல்லாக் கல்யாணத்திலும் சூடு இருப்பதில்லை. இரண்டு குளிர்காலம் ஒன்றுமே இல்லாமல் போனது. மூன்றாவதில் மறுபடி இருந்தது. அந்த மாப்பிள்ளை ஆறு மாதம் தாங்கினான். மழைக்காலத்தில் ஒருமுறை, நனைந்து வந்த கூட்டம் உட்கார்ந்து எழுந்து நாற்காலியெல்லாம் சொதசொதவென்று கிடக்க, ஒன்று மட்டும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஜோடிக்கு என்ன ஆயிற்று என்று அவர் விசாரிக்கவில்லை. கடைத்தெருவில் அவர்களைத் தூரத்தில் பார்த்துவிட்டால் வந்த வழியே திரும்பி நடந்தார்.

வெயில் காலத்தில் மட்டும் அவருக்கு நிம்மதி. தகரக் கூரைக்குக் கீழே எல்லா நாற்காலியும் கொதிக்கும். எதில் யார் உட்கார்ந்தார்கள் என்று கை சொல்லாது. சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் மடிக்கவே முடியும்.

*

சம்பந்தி வீட்டார் தெருமுனை தாண்டியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடம் மென்று முழுங்கியதை அவர் ஒரே மூச்சில் கக்கிவிட்டார். அவர் முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"வெயில் காலத்துல அது வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வந்தா?"

"வந்தாலும் தெரியாது."

"அப்ப நீங்க பொண்ணக் காப்பாத்த வெயில் காலம் கேக்கல. உங்க கையக் காப்பாத்தக் கேக்கறீங்க."

இத்தனை வருடத்தில் அவருக்கே பிடிபடாத விஷயம் அது. அவள் துணி மடித்துக்கொண்டே போகிற போக்கில் போட்டு உடைத்துவிட்டாள்.

"வேற ஹால்ல வைப்போம்," என்றாள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு.

"எல்லா ஹால்லயும் கடைசி வரிசைன்னு ஒண்ணு இருக்கும். மடிக்கிறவன் வேற ஆளா இருப்பான். அவ்வளவுதான்."

"குளிர்காலத்துல, அப்பா வேலை பாக்கிற ஹால்லயே வைங்க," என்று நிலைப்படியில் இருந்து குரல் வந்தது. பெண் முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"நீ உள்ள போம்மா."

"எதுக்கு உள்ள போகணும்? கல்யாணம் எனக்குத்தானே?" அவள் வந்து இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களை நாள் முழுக்கப் பேசிப் பேசியே சமாளித்துப் பழகிய குரல். "ரிசல்ட் கவர வாங்கி, பிரிக்காம அப்படியே பையில போட்டுக்கிட்டுப் போறவங்கள நான் தினமும் பாக்கறேன்ப்பா. பிரிக்கலைன்னா உள்ள இருக்கறது மாறிடுமா? எனக்குத் தெரியணும். நீ தொட்டுப் பாத்து எங்கிட்டச் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது."

"தெரிஞ்சு என்ன பண்ணுவே?"

"ஒரு வருஷந்தான்னா அத ஒரு வருஷமாட்டம் வாழ மாட்டேன். பத்து வருஷமாட்டம் வாழுவேன்."

அவர் மனைவி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குழாயை மூட அவளுக்கு மனமில்லை.

மறுநாளே சம்பந்தியம்மாவுக்குச் சேதி போனது. குளிர்காலந்தான் என்று.

*

மூன்று மாதம் அவர் ஒரே யோசனையாக இருந்தார். யோசித்து யோசித்துக் கடைசியில் நாற்காலிக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழி அவருக்குத் தோன்றியது. அது உட்கார்ந்தால்தானே வினை? உட்கார இடமே இல்லாவிட்டால்?

இரண்டு வீட்டாரிடமும் யார் யார் வருகிறார்கள் என்று ஆள் ஆளாகக் கேட்டார். சம்பந்தியம்மா பூரித்துப்போனார். "இப்படிப் பொறுப்பான சம்பந்தி யாருக்குக் கிடைப்பாங்க? எங்க ஒண்ணுவிட்ட அத்தை நாத்தனாரக்கூட எண்ணிட்டாரு!" இடுப்புக் குழந்தைகளைத் தள்ளி இருநூற்று எண்பத்தைந்து பேர் தேறினார்கள். அவர் இருநூற்றைம்பது நாற்காலி போட்டார். கடைசி வரிசை என்ற பேச்சே இல்லை. மிச்சம் நூற்றெழுபதையும் சாமான் போடும் கிட்டங்கி அறையில் அடுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணே, சொந்த மக கல்யாணத்துக்கு நாற்காலி பத்தாமப் போட்ட ஒரே நாற்காலிக்காரன் நீதாண்ணே," என்றான் ஒயர் ஏணி மேலிருந்து.

"நிக்கட்டும். நின்னா செரிக்கும்."

"இன்னும் சாப்பாடே போடலியேண்ணே."

பிறகு ஒயர் கீழே குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "அதுக்காகத்தானா?" என்று மெதுவாகக் கேட்டான். அவர் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒயர் கேட்டதை விழுங்கிவிட்டு விளக்கு மாட்டப் போனான்.

கல்யாண நாள் காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. கூட்டம் வந்தது. நாற்காலிகள் மளமளவென்று நிறைந்தன. அவர் நடுவழியில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒருவர் எழுந்தால் இன்னொருவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். ஒரு நாற்காலியையும் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்க விடவில்லை.

"நான் மூத்திரம் போகணும்ப்பா, விடு," என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"போங்க. இந்தாம்மா, நீ இதுல உக்காரு."

"நான் வந்தா எழுந்திருப்பாளா?"

"நீங்க வந்தா வேற ஒருத்தர எழுப்பித் தரேன்."

"குளிருக்கு அடக்கமா இருக்கலாம்னு வந்தா, இந்தாளு என்னச் சண்டைக்கு இழுக்கறாரு," என்று சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். சுவரோரமாக நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மேடையில் மோதிரம் மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கைதட்டல் எழுந்தது. பெண் சிரித்ததை அவர் பாதிதான் பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே எழப் பார்த்தார். அவரைப் பிடிக்க ஓடினார்.

உட்கார்ந்த இடத்திலேயே தட்டில் கொடுத்த சாப்பாடு முடிந்து கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் மூன்று மணிக்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னறையில் உடை மாற்றப் போனார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு மடிக்க ஆரம்பித்தார்.

அன்று அவர் யாரையும் உதவிக்கு விடவில்லை. கால் விரல், உள்ளங்கை, ஒரு தட்டு. ஜில். ஜில். முதல் வரிசை ஜில். ஐந்தாம் வரிசை ஜில். கை மரத்துப்போனால் கன்னத்தில் தேய்த்து உயிர் வரவைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். இருநூற்று நாற்பத்தெட்டு. இருநூற்று நாற்பத்தொன்பது. கடைசி நாற்காலியில் இரண்டு கையையும் வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தார். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அந்த நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்க அழுதார்.

ஜெயித்தாயிற்று. அது வந்தது, இடமில்லை, போய்விட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மேடை கண்ணில் பட்டது. விளக்குகளை ஒயர் அணைத்துவிட்டிருந்தான். மேடையில் இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. பெரிய மர நாற்காலிகள், கைப்பிடி வைத்தவை, தங்க வண்ணம் பூசியவை. அவை ஹாலுக்குச் சொந்தமில்லை. அலங்காரக்காரர் வண்டியில் கொண்டுவந்து, சாயங்காலம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருடத்தில் அவற்றை அவர் மடித்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. எண்ணியதும் இல்லை.

கல்யாணத்தின்போது பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தே இருப்பார்களா என்ன? மோதிரம் மாற்ற எழுந்தார்கள். கையெழுத்துப் போட எழுந்தார்கள். வந்தவர்களிடம் வாழ்த்து வாங்க ஒரு மணி நேரம் மேடை விளிம்பில் நின்றார்கள். ஹாலில் அத்தனை நாற்காலியையும் அவர் அடைத்து வைத்திருந்த நேரமெல்லாம், அவருக்குப் பின்னால் அங்கே இரண்டு இருக்கைகள் காலியாகத்தான் இருந்திருக்கின்றன.

படி ஏறினார். மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. அடுத்ததன் மேல் கை போக மறுத்தது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து வைத்தார்.

சூடு. இப்போதுதான் எழுந்து போன சூடு இல்லை. இன்னும் எழுந்திருக்காத சூடு.

"அப்பா."

பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு பெண் வந்தாள். பயண உடையில் இருந்தாள். கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். வாசலில் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. "எல்லாத்தையும் பாத்துட்டியா? சொல்லு. பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"பாத்துட்டேன். இருநூத்தம்பதும் ஜில்லுனு இருக்கு. சத்தியமா."

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி, அப்பா நிற்கிற இடத்தை அவள் கவனித்துவிட்டாள். மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"இந்த ரெண்டும்?"

அவர் யோசிக்கவில்லை. அவள் முதல் படியில் கால் வைப்பதற்குள் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வந்து மாப்பிள்ளையின் நாற்காலியில் கை வைத்தாள். நாடி பார்க்கிறவள் மாதிரி மூன்று விரல் வைத்து நிதானமாகப் பார்த்தாள். "அவரோடது சில்லுனுதான் இருக்கு," என்றாள். நல்ல சேதியைச் சொல்கிறவளின் சந்தோஷம் அந்தக் குரலில் உண்மையாகவே இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். "கொஞ்சம் எழுந்திரு."

"கால் வலிக்குதும்மா. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

"எழுந்திருப்பா."

"நான் உக்காந்துட்டேன்ல. இனிமே தொட்டா என் சூடுதான் தெரியும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் குனிந்து, தன் சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டு, ஓரங்களைத் தொடைக்கு அடியில் செருகினாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துகிற பக்குவத்தோடு அவர் கையை ஒருமுறை அழுத்தினாள்.

"பின்னாடியே நீயும் வா. அம்மா தனியா நிக்கிறாங்க."

"நீ போ. இதோ வரேன்."

செருப்புச் சத்தம் ஹாலைத் தாண்டிப் போனது. கதவு சாத்திக்கொண்டது. வாசலில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். வண்டி கிளம்பியது.

நாற்காலிக்காரர் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவளுடைய இடம் இல்லை, தன்னுடையது என்று மனதுக்குள் சொன்னார். பிறகு வாய்விட்டே சொன்னார். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாததால் எதிரே மடித்து அடுக்கிய இரும்பைப் பார்த்துச் சொன்னார்.

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பேருந்தில் வயதானவர் ஒருவர் வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பாரே, அதுபோல அவருக்கு இடப்பக்கத்தில் இருந்த சூடு மெல்ல நகர்ந்து, அவர் சௌகரியமாக உட்கார இடம் விட்டது.